சீனி சொல்ற நம்பர்

ஈப்போவில் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் குறைந்தது நான்கு இருக்கின்றன. நான்கும் என் மனைவி வழிச் சொந்தம். வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறேன், மருத்துவமனைக்குள்ளிருந்து வெளியே வருகிறேன், என் கையெழுத்தும் யாருக்கும் புரிவதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உண்மையில் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷமாகக் குப்பி குலுக்குகிறவன். இப்போது குலுக்குவதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. அது ஒழுங்காகக் குலுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என்னை ஒருநாளும் டாக்டர் என்று நினைக்காத ஒரே ஆள் பத்துமலை. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். நானும் அவனும் கோப்பெங் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் என்று ஒருவர் இருந்தார். காய்ச்சல், வயிற்றுவலி, தேள்கடி எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுப்பார். நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பத்துமலை என்னைச் சீனி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டிரசர்தான். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டி வீடுகள் கட்டினார்கள். என் பட்டத்தை மட்டும் யாரும் வெட்டவில்லை.

போன டிசம்பர் கடைசியில் பத்துமலையின் பெருங்குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய், மூன்றாம் கட்டம். பக்கத்து நிணநீர்க் கணுக்கள் இரண்டுக்கும் போயிருந்தது. எட்டு மாதமாக மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. கல் லோரி ஓட்டுகிறவனுக்கு மூலம் வராமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டே எட்டு மாதமும் லோரி ஓட்டியிருக்கிறான். எந்நேரமும் ரத்தத்தோடே புழங்கும் ஒரு மச்சான் வீட்டில் இருந்தும் அவன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை நான் நகைச்சுவையாகச் சொல்ல முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை.

அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் முன்பு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் உரையாற்றினார். தேநீரோடு தின்னக் கறிபாப் கொடுப்பார்கள் என்பதால் போயிருந்தேன். ரத்தத்தில் தெரியும் அழற்சியின் அடையாளங்களை வைத்து, குடல் புற்றுநோய் வந்தவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று ஊகிக்க முடியுமா என்பது அவருடைய பேச்சு. வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒன்று, லிம்போசைட் என்று ஒன்று. முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக வந்தவர்களின் கூட்டத்தில் சீக்கிரம் போனவர்கள் அதிகம் என்று ஒரு வரைபடம் காட்டினார். எல்லைக் கோட்டை ஐந்தில் போட்டிருந்தார். நான் தினமும் கையெழுத்துப் போடும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்கள் அவை. மூன்றாவது கறிபாப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று சாயங்காலமே, பத்துமலை குடியிருக்கும் புந்தோங்கில் ஒரு தேநீர்க் கடையில் அவனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். நியூட்ரோபில் என்பது கலகம் அடக்கும் போலீஸ், லிம்போசைட் என்பது சாதாரண உடையில் திரியும் உளவுத்துறை. போலீஸ் ரொம்ப அதிகமாகி உளவு குறைந்துவிட்டால் ஊர் சரியில்லை என்று அர்த்தம் என்றேன். அதோடு நிறுத்தினேனா? அவனுடைய ரத்தத்தின் கணக்கையும் போட்டுச் சொன்னேன். மூன்று புள்ளி ஒன்று. ஐந்துக்குக் கீழே, தப்பித்தாய் என்றேன். அவன் சிரித்தான். நோய் தெரிந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாலு விதியை மீறியிருப்பேன். சொந்தக்காரர்களின் முடிவுகளைப் பார்க்கக்கூடாது, வெளியே சொல்லக்கூடாது என்ற அறிவிப்பை எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டியவனே நான்தான். கோணலாக ஒட்டியதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்துவரும்போது காரில் அவன் கேட்டான்.

“டாக்டரம்மா நல்ல மனுஷி. ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி மொகத்த வெச்சிக்கிட்டுச் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. கீமோக்கு முன்னாடி மறுபடி ரத்தம் எடுப்பாங்கல்ல? அந்த நம்பர நீ சொல்லு. நல்லா இருந்தா ஆறு மாசமும் ஊசி போட்டுக்கிறேன். மோசமா இருந்தா சும்மா எதுக்கு சுசா பட்டு ஒடம்ப வருத்திக்கிட்டு? இருக்கிற வரைக்கும் லோரிய ஓட்டிட்டுப் போறேன்.”

“அதெல்லாம் நல்லாதான் வரும் லா.”

“வரும் லா வேணாம். சொல்லுவேன்னு சொல்லு.”

சொல்லுவேன் என்று சொன்னேன்.

இந்த வருஷம் தைப்பூசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் காவடி எடுக்கிறவன் அவன். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சுபாஜினி, அவனுடைய கழுத்தில் இருந்த உருத்திராட்சத்தைப் பார்த்தே ஊகித்துவிட்டு, இந்த முறை அலகும் வேண்டாம் காவடியும் வேண்டாம், கூட்டத்துக்கே போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். பத்துமலை தலையாட்டினான். உறுமிச் சத்தம் காதில் விழுந்தால் வீட்டில் இருக்க முடியாது என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே பாரிட் புந்தாரில் இருக்கும் கனகராஜ் வீட்டுக்குப் பஸ் ஏறினான். கனகராஜ் அவனோடு லோரி ஓட்டியவர். பாவம், கண் மறைவாகப் போய் இருந்துவிட்டு வரட்டும் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அனுதாபப்பட்டோம். அவனுடைய மனைவி குமுதா கொஞ்சம் அழக்கூடச் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தம் கொடுப்பதற்கு என் மைவி காரில் அழைத்துப்போனேன். வழி முழுக்க அவன் இருக்கையில் முதுகு படாமல், முன்கண்ணாடியை முட்டுவது போல உட்கார்ந்திருந்தான். லைசன்ஸ் எடுக்கப் போகிறாயா என்று கேட்டேன். தையல் இழுக்குது என்றான். வயிற்றுத் தையல் இழுத்தால் ஒருவன் பின்னால் சாய்வானா, முன்னால் குனிவானா என்று யோசிக்க எனக்கு மூளை இருந்தது. யோசிக்கவில்லை. நோய் ஆளை வளைக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாட்டை மெதுவாக வைத்தேன்.

பதினொரு மணிக்கு அவனுடைய குப்பி இயந்திரத்துக்குள் போய் வந்தது. நியூட்ரோபில் எண்பத்திரண்டு. லிம்போசைட் ஒன்பது.

இன்னொரு முறை ஓட்டினேன். அதே. மூன்றாம் முறை ஓட்டினேன். சி.ஆர்.பி. என்று இன்னொரு பரிசோதனை, உடம்பில் எங்கே நெருப்புப் பற்றினாலும் மேலே ஏறும். பத்துக்குள் இருக்க வேண்டியது தொண்ணூற்றாறில் நின்றது. ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். போலீஸ்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய உடம்புக்குள் கறுத்த மணிமணியாகத் தெரிந்தது. அப்படி மணி தெரிந்தால் முதலில் எங்காவது கிருமி தொற்றியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும் என்று, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் பாடம் சொல்கிறவன் நான். அன்று என் கண்ணுக்கு மணி தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. எண்பத்திரண்டை ஒன்பதால் வகுத்தால் ஒன்பது புள்ளி ஒன்று என்பது மட்டும் தெரிந்தது. ஒன்பது, ஐந்துக்கு எவ்வளவு மேலே என்பது தெரிந்தது.

சாயங்காலம் புந்தோங்குக்குப் போகும் வழியில் பொய் தயார் செய்தேன். நாலு புள்ளி இரண்டு. நாலு நம்பும்படியாக இருக்கும். மூன்று என்றால் சந்தேகப்படுவான். கூடவே ஒரு கேலியும் தயார் செய்தேன். வாசல் கேட்டைத் திறந்தபோது பத்துமலை முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“வாங்க டிரசர்” என்றான். என் முகத்தைப் பார்த்தான். “சரி. எவ்வளவு?”

நாலு புள்ளி இரண்டு என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். “ஒம்பது” என்றேன்.

முட்டியில் இருந்த எறும்பு ஒன்றைத் தட்டிவிட்டான். பிறகு, சொன்னதற்கு நன்றி என்றான். அவன் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. குமுதா தேத்தண்ணீர் கலந்து எடுத்துவந்தாள். அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் மனைவி என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிப் படுத்தேன்.

வியாழக்கிழமை முதல் கீமோ. காலை ஏழு மணிக்குக் குமுதா போன் செய்தாள்.

“அண்ணே, அவரு வரமாட்டேங்கிறாரு. ரெண்டு நாளா ஹால்ல சட்டையோட குப்புறப் படுத்தே கெடக்குறாரு. சட்டையக் கழட்டித் தாங்க, தொவைக்கணும்னா கத்துறாரு. அண்ணே, நீங்க அவருகிட்ட என்னமோ சொல்லியிருக்கீங்க. என்ன சொன்னீங்க?”

போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

பத்துமலை குமுதா சொன்னபடியே பாயில் குப்புறக் கிடந்தான். கட்டம் போட்ட சட்டை. முதுகில் மூன்று இடத்தில் மஞ்சளாக நீர் கோத்து, துணி தோலோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், கறுத்த மணிகள் என் கண்ணுக்குள் திரும்பி வந்தன. அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கேட்காமலே சட்டையைத் தூக்கினேன். பாதி வழியில் அவன் தடுத்தான்; பிறகு விட்டுவிட்டான்.

வரிசைக்குப் பதினெட்டு. ஆறு வரிசை. எண்ண வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் எண்ணினேன், தொழில் புத்தி. நூற்றெட்டு எலுமிச்சம்பழங்களைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்ட தடம். பெரும்பாலானவை காய்ந்து புள்ளியாகியிருந்தன. இடது தோள்பட்டைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு மட்டும் சிவந்து வீங்கி, திருநீற்றையும் மீறிச் சீழ் வைத்திருந்தன.

குமுதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பாரிட் புந்தார்ல ஏது இதெல்லாம்?” என்றாள்.

கனகராஜ் அங்கிருந்து அவனைப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஈப்போவில் என்றால் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். பால்குடம், முதுகில் எலுமிச்சை; வயிற்றில் பாரம் விழாது என்று அவர்களாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் சைவம் சாப்பிட்டு விரதம் இருந்திருக்கிறான். டாக்டரே கஞ்சி குடிக்கச் சொல்லியிருந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“எதுக்குடா?” என்றேன். “ஒடம்பு இருக்கிற இருப்புல அப்படி என்ன வேண்டுதல்?”

அவன் முகத்தைப் பாயிலேயே வைத்திருந்தான்.

“ஒன்னோட நம்பருக்குத்தான்.”

“என்னது?”

“நம்பரு மூணுக்குக் கீழ வரணும்னு. அப்பதான் ஊசி போட்டுக்க எனக்குத் தைரியம் வரும்னு.”

“முருகன்கிட்ட நியூட்ரோபில்னு சொல்லியா கேட்ட?”

“அந்தப் பேரு வாயில நொழையல. சீனி சொல்ற நம்பருன்னு சொன்னேன். அவருக்குத் தெரியும்ல.”

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். குமுதா என் தோளைத் தொட்டு, அழாதீங்க அண்ணே என்றாள்.

நம்பர் நன்றாக வர வேண்டும் என்று நூற்றெட்டு இடத்தில் குத்திக்கொண்டு, குத்திய இடத்தில் கிருமி ஏறி, அதை அடக்க ஓடிவந்த போலீஸை நான் எண்ணிப் பார்த்துவிட்டு, நீ சாகப்போகிறாய் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனைக்கும் போலீஸ், கலகம் என்று கதை சொல்லிக்கொடுத்ததே நான்தான். கலகம் எங்கே நடக்கிறது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு டாக்டர் சுபாஜினியின் அறையில், தலைமையாசிரியர் முன் நிற்கும் இரண்டு பையன்களாக நாங்கள் நின்றோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பதினைந்து வயது. அவர் திரையில் முடிவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“நேற்று ரெண்டு தரம் உங்கட போனுக்கு அடிச்சனான், எடுக்கவில்லை. எங்கேயோ புண் இருக்கு. தையல் உள்ளுக்க விட்டுட்டுதோ எண்டு நான் ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டு இருந்தனான்.” யாழ்ப்பாணத்துத் தாத்தா வழி வந்த தமிழ் அவருக்குக் கோபத்தில்தான் வரும், மற்ற நேரங்களில் எங்களைப் போலவே பேசுவார். “காட்டுங்க.”

பத்துமலை சட்டையைக் கழற்றினான். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். கோபப்படுவதற்கு அவர் வார்த்தை தேடுவது தெரிந்தது. கடைசியில் கையுறையைப் போட்டுக்கொண்டு அவரே துடைக்க ஆரம்பித்தார்.

அந்த எண்ணைப் பார்த்து அவர் புண்ணைத் தேடியிருக்கிறார். அதே எண்ணைப் பார்த்து நான் அவனுக்குக் கருமாதிக்கு நாள் தேடியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷ அனுபவம்.

ஒம்பது வந்ததுக்கு அப்புறம் ஊசி எதுக்கு என்று பத்துமலை முனகினான். ஒன்பது என்று இவருக்கு யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். பத்துமலை ஜன்னலைப் பார்த்தான், என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டான். நானே சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. என் மேலதிகாரியிடம் நானாகவே போய்ச் சொல்ல வேண்டும், நாளைக்குள் என்றார்.

பிறகு பத்துமலையின் முதுகைப் பார்த்தபடியே அவனிடம் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

“ஐயா, அது கூட்டத்தப் பத்திச் சொல்ற நம்பர். நூறு பேர நிறுத்தினா எந்தப் பக்கம் எத்தனை பேர் போவாங்கன்னு கொஞ்சம் சொல்லும். அந்த நூறுல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தா ஏறும், பல்லு வீங்கினா ஏறும். இப்படி முதுகுல தோட்டம் போட்டாலும் ஏறும்.”

“அப்ப, நல்லா வந்தாலும்?” என்று கேட்டான் பத்துமலை.

அவர் கை நின்றது. “நல்லா வந்தாலும் அப்படித்தான். மருந்து போட்டா திரும்பி வராம இருக்கிறதுக்கு வாய்ப்பு கூடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி நான் உங்ககிட்ட நடிக்க மாட்டேன்.”

டாக்டர் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “சரிங்க டாக்டரம்மா, புண்ணு ஆறட்டும், வாரேன்” என்றான்.

பத்து நாள் மாத்திரை. கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது. நான் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் என் முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதி வந்த முதல் கடிதம். இனிமேல் பத்துமலையின் குப்பி வந்தால் நான் தொடக்கூடாது.

அவனுடைய அடுத்த குப்பி வந்த அன்று நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். என்னோடு வேலை செய்யும் ஷர்மினி அதை இயந்திரத்தில் வைத்தாள். அது குலுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அச்சடிக்கும் சத்தம் கேட்டது. தாள் அவள் கையில் இருந்தபோது நான் திரும்பியிருக்கலாம், நாலடி தூரம்தான். கழுத்து வலித்தது. திரும்பவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் கீமோ அறைக்குப் போனேன். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடும் ஒரு மலாய்ச் சமையல் நிகழ்ச்சி. கடைசி நாற்காலியில் பத்துமலை, கையில் குழாயோடு. பக்கத்தில் குமுதா வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மருந்து ஏறும் நாட்களில் குளிர்ந்தது எதுவும் குடிக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னாராம். தே ஐஸ் இல்லாத வாழ்க்கை என்ன வாழ்க்கை என்று அவன் நர்ஸிடம் நியாயம் கேட்டானாம்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். குழாயில் சொட்டு விழுவதை இருவரும் பார்த்தோம்.

“கேட்டுட்டேன்” என்றான்.

“என்னத்த?”

“நம்பர. டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன். சொன்னாங்க.”

நான் காத்திருந்தேன். அவன் சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குமுதாவைப் பார்த்தேன், எனக்கும் தெரியாது அண்ணே என்று உதட்டைப் பிதுக்கினாள்.

“எவ்வளவு மச்சான்?”

“வெளிய சொல்லக் கூடாது லா, டிரசர். செவுத்துல ஒட்டியிருக்காம்.”

அவன் முகத்தைப் படிக்க முயன்றேன். அன்றைக்கு முற்றத்தில் அவன் என் முகத்தை ஒரே பார்வையில் படித்தான். எனக்கு அந்தப் படிப்பு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தாடி வெளுத்திருந்தது. மூன்றாகவும் இருக்கலாம். ஆறாகவும் இருக்கலாம். ஆறாக இருந்து, அதைத் தெரிந்துகொண்டும் இந்த நாற்காலியில் வந்து கையை நீட்டியிருக்கலாம். அவன் அப்படிப்பட்டவன்தான் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது. கேட்பதை விட்டுவிட்டேன்.

பத்துமலை மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். முதலில் இடுப்பு, பிறகு தோள்கள். ஒரு கணம் முகம் சுளித்தான். பிறகு தலையையும் வைத்தான்.

“அடுத்த ஊசி மூணு வாரம் கழிச்சி” என்றான் கண்ணை மூடிக்கொண்டு. “வரும்போது கடையில மைலோ தாப்பாவ் பண்ணி எடுத்துக்கிட்டு வா. சூடா.”

வாங்கி வருகிறேன் என்றேன். அவன் தூங்கும் வரை இருந்துவிட்டு, கீழே என் கூடத்துக்கு வந்தேன். இயந்திரம் தானாகக் குலுக்கிக்கொண்டிருந்தது. நாட்காட்டியில் மூன்று வாரம் தள்ளி, அந்த வியாழக்கிழமையின் கட்டத்துக்குள், ‘மைலோ, சூடு’ என்று எழுதினேன். ஷர்மினி எட்டிப்பார்த்து, என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒண்ணும் தெரியலையே என்றாள்.